சின்ன லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? உள்ளே எது ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள்

"சின்னதா, வெயிட் இல்லாம, ஊருக்கு எடுத்துட்டுப் போற மாதிரி, இருபதாயிரத்துக்குள்ள ஒண்ணு காட்டுங்க." சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடைப் படியில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். அந்தத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன் நான். விற்பனை என் வேலை இல்லை. விற்ற பொருள் சில மாதம் கழித்து எந்தக் கோலத்தில் திரும்பி வருகிறது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அனுபவத்தில் சொல்வதானால், பயணத்துக்கென்று விலை குறைந்த சின்ன லேப்டாப் எடுக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உள்ளே எதையெல்லாம் கழற்றி மாற்றலாம், எதெல்லாம் மதர்போர்டு என்கிற உள்பலகையோடு சேர்த்து சால்டர் செய்தது, அதாவது ஈயம் உருக்கி ஒட்டியது?

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் தேவைப்படவில்லை. 2007இல் ஏசஸ் நிறுவனம் ஈ பிசி என்ற 7 அங்குலப் பொடியனைக் கொண்டுவந்தது. பிறகு ஆட்டம் பிராசசர் போட்ட 10 அங்குல நெட்புக்குகள், அதாவது மலிவான குட்டி லேப்டாப்கள், வரிசை கட்டி வந்தன. மகா மந்தம். ஆனால் பலவற்றில் முதுகில் ஒரு சின்ன மூடி இருக்கும், ஒன்றிரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் ரேமை (வேலை ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) மாற்றிவிடலாம். பேட்டரியும் தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். 2010இல் ஐபேட் வந்த பிறகு நெட்புக் என்ற பேச்சே மெல்ல அடங்கியது. இன்று அதே இடத்தில் விற்கிற 11, 12 அங்குல மாடல்கள் மெலிந்து அழகாக இருக்கின்றன. அந்த மெலிவுக்கும் விலைக்கும் கொடுத்த ஈடு உள்ளே இருக்கிறது. ரேம் போர்டில் ஒட்டியிருக்கும். பல மாடல்களில் டிஸ்க் என்று தனியாக எதுவும் கிடையாது. ஃபைல்களையெல்லாம் சேமிப்பது இ-எம்எம்சி எனும் ஒற்றைச் சிப், அதுவும் போர்டிலேயே.

இந்த இ-எம்எம்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மேசைக்கு வரும் சின்ன லேப்டாப் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சிஏ படிப்புக்கான பயிற்சி, செய்கிற தம்பி ஒருவர் வந்தார். ஏப்ரலில் வங்கிக் கிளைகளின் ஆடிட்டுக்காகத் தென்மாவட்டங்களுக்குப் போக வேண்டும் என்று 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்புள்ள 11.6 அங்குல லேப்டாப் வாங்கியிருந்தார். எக்செல், டேலி எனும் கணக்கு மென்பொருள், பிடிஎஃப், அவ்வளவுதான் அவர் வேலை. "அண்ணா, நான் ஒரு படம்கூட ஏத்தலை, டிஸ்க் ஃபுல்னு சொல்லுது" என்றார். பொய் இல்லை. 64 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும், அப்படிப்பட்ட சிப்பை விண்டோஸ் 58 ஜிபி சொச்சம் என்றுதான் காட்டும். அதில் விண்டோஸே பாதிக்கு உட்கார்ந்துகொள்ளும். மீட்புக்கான பகுதி, ஆஃபீஸ், போன அப்டேட்டின் மிச்சம், வாட்ஸ்அப் டெஸ்க்டாப் என்று ஆளுக்கொரு துண்டு எடுத்தால் மீதி என்ன இருக்கும்? அடுத்த பெரிய அப்டேட் வரும்போது இறக்கிவைக்க இடம் போதாது. பாதியில் நிற்கும், மறுபடி முயலும், மறுபடி நிற்கும். திருநெல்வேலி லாட்ஜ் அறையில் இரவெல்லாம் அது சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கும் குறைந்தபட்சத் தகுதியே 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. அந்த லேப்டாப் பாஸ் மார்க் மட்டும் வாங்கித் தேறியது.

ஏற்கெனவே இப்படி ஒன்று கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். மைக்ரோ எஸ்டி கார்டு இடம் இருந்தால் ஒரு கார்டைச் செருகி, டாக்குமெண்ட்டும் டவுன்லோடும் அதில் போய் விழும்படி செட்டிங்ஸில் மாற்றுங்கள். பெரிய அப்டேட் இடம் கேட்கும்போது, காலியான பென்டிரைவைச் செருகினால் அதைத் தற்காலிக இடமாக எடுத்துக்கொள்ள விண்டோஸிலேயே வழி இருக்கிறது. இதையெல்லாம் வீட்டில் வைஃபை இருக்கும்போது, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடியுங்கள். போர்டே செத்துவிட்டால் வேறு கதை. எஸ்எஸ்டி எனும் தனிச் சேமிப்புத் தகட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டிப் பார்ப்பதுபோல இதைச் செய்ய முடியாது. போர்டிலிருந்து சிப்பைச் சூடுகாட்டி எடுத்துத்தான் டேட்டாவைத் தேட வேண்டும். அதற்காகும் செலவு பல நேரம் லேப்டாப்பின் விலையைத் தாண்டிவிடும்.

அப்படியானால் புதிதாக எதை வாங்குவது? ரேம் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, 8 ஜிபி இருக்கட்டும். சேமிப்பு எம்.2 (சின்னப் பட்டை வடிவம்) எஸ்எஸ்டியாக, கழற்றக்கூடியதாக இருக்கட்டும். பிராசசரில், பழைய இரண்டு கோர் செலரானைவிட 2023இல் வந்த இன்டெல் என்100 எவ்வளவோ மேல். நான்கு கோர், மின்சாரமும் குறைவாகத்தான் குடிக்கும். டேலி, எக்செல், பிரவுசர் எல்லாம் தாங்கும். வீடியோ எடிட்டிங்குக்கு இதைக் கேட்காதீர்கள். விண்டோஸ் மென்பொருள் எதுவும் வேண்டாம், மெயிலும் பிரவுசரும் போதும் என்பவருக்குக் கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் குரோம்புக் நல்லதுதான். வாங்குமுன் அந்த மாடலுக்கு அப்டேட் எந்த வருடம் வரை என்று மட்டும் பாருங்கள். அந்தத் தேதியை கூகுளே வெளியிட்டிருக்கிறது. 2023இல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக், ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. ஆனால் அதில் இருப்பது ஆண்ட்ராய்டை ஒட்டிய ஜியோஓஎஸ். அதில் டேலியை ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டு வந்தவர்களும் உண்டு.

என்னைக் கேட்டால் அதே பணத்துக்கு ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிசெய்து விற்கிற, பிசினஸ் லேப்டாப்தான். ஓஎம்ஆர் எனும் பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி கம்பெனிகளில் லீசு முடிந்து வெளியே வரும் 12.5, 13.3 அங்குல மாடல்கள் சென்னையில் தாராளமாகக் கிடைக்கின்றன. டெல் லாட்டிட்யூட் 7290, ஹெச்பி எலைட்புக் 830 ஜி5 இரண்டிலும் ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம். திங்க்பேட் எக்ஸ்280 எடையில் இன்னும் சுகம், ஆனால் ரேம் ஒட்டியது. ஆகவே 8 ஜிபிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் மட்டும் பாருங்கள். ஏழாம் தலைமுறை மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் புதிதுபோலவே இருக்கும். ஆனால் விரல் விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களைத் தவிர விண்டோஸ் 11 பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

பழையதில் ஒரு பெரிய கண்ணி உண்டு. கம்பெனி மெஷின்களில் பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) பாஸ்வேர்ட் போட்டிருப்பார்கள். அது தவிர, கம்பெனியின் கணக்கோடு சீரியல் நம்பரைப் பதிவு செய்தும் வைத்திருப்பார்கள். கடையில் ஆன் செய்து காட்டும்போது எல்லாம் சரியாக இருக்கும். பிறகு ஒருநாள் நீங்கள் ரீசெட் செய்வீர்கள், இணையத்தில் சேர்ந்ததும் "இந்த நிறுவனத்துக்கு நல்வரவு" என்று யாரோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்கும். அங்கேயே கதை முடிந்தது. ஆகவே காசைக் கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை. ஆன் ஆகும்போதே பயாஸுக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம், உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ரீசெட் செய்து, செட்டப் திரை வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். அரை மணி, ஒரு மணி ஆகும். ஆகட்டும், எதிரே டீக்கடை இருக்கிறது. பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். "பில் வேணாம்னா ஐநூறு குறைச்சுக்கலாம்" என்றால் நடையைக் கட்டுங்கள்.

பேட்டரியைச் சோதிக்கவும் அதே நேரம் போதும். விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் ப்ராம்ப்டில் 'powercfg /batteryreport' என்று அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இப்போது இருப்பது. முதலாவதில் இரண்டாவது 60 சதவீதத்துக்கும் கீழே என்றால் புது பேட்டரிக்கான விலையைக் கழித்துப் பேசுங்கள்.

சார்ஜருக்கு வருவோம். விலை குறைந்த மாடல்களில் குச்சி முனை போன்ற மெல்லிய பின் கொண்ட சார்ஜர்தான் அதிகம். அந்தப் பின் போய் உட்காரும் டிசி ஜாக், பல மாடல்களில் நேராக போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும். ரயிலில் என்ன நடக்கிறது? சார்ஜிங் பாயிண்ட் ஜன்னலுக்குக் கீழே, தளர்ந்த பிடியோடு. அடாப்டர் பாதி தொங்கும். வயர் போதாமல் லேப்டாப்பைப் பக்கவாட்டில் இழுத்து வைப்பீர்கள். நடைபாதையில் போகிறவர் கால் ஒரு தடவை மாட்டினால் போதும், ஜாக்கின் கால்களில் ஒன்று போர்டை விட்டு எழும்பிவிடும். அப்புறம் வயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். அதே நிலையில் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, போர்டு கருகிய பிறகுதான் கொண்டுவருகிறார்கள்.

டைப்-சியில் சார்ஜ் ஆகிற லேப்டாப்பாக இருந்தால் ஒரே 45 அல்லது 65 வாட் சார்ஜரில் போனும் லேப்டாப்பும் முடிந்தன. ஆனால் டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே சார்ஜ் ஆகும் என்று நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் அது டேட்டாவுக்கு மட்டும். கடையிலேயே செருகிப் பாருங்கள். பேருந்து இருக்கையில் இருக்கும் யுஎஸ்பி ஓட்டை போனுக்கானது, லேப்டாப்புக்கு உதவாது. ரயில் பெட்டிகள் சிலவற்றில் 110 வோல்ட்தான் வரும். உங்கள் அடாப்டரின் முதுகில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் கவலை இல்லை. தீ விபத்துக்குப் பயந்து இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்ட்டை நிறுத்திவைக்கும் வழக்கமும் ரயில்வேயில் உண்டு. எழும்பூரில் ஒன்பது மணிக்கு மேல் வண்டி ஏறுகிறவர் வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது.

தமிழில் தட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 11 அங்குல லேப்டாப்பில் எழுத்துப் பட்டன்களை ஓரளவு முழு அளவில் வைத்துவிட்டு, வலது ஓரத்தை நசுக்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் அங்கே இருப்பது அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும்தான், யாரும் கண்டுகொள்வதில்லை. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் அந்த ஓரத்தில்தான் ச, ஞ, ந, ய, ழ எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. பாதி அகலப் பட்டனில் 'ந'வைத் தேடித் தேடி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள், சுண்டு விரல் கெஞ்சும். கடையில் நோட்பேடைத் திறந்து நாலு வரி அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 12.5 அங்குல பிசினஸ் மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு.

பைக்குள் வைக்கிற விஷயம். மூடினால் தூங்கிவிடும் என்று நினைத்து அப்படியே பையில் போடுவது எல்லோருக்கும் பழக்கம். இப்போதைய லேப்டாப்கள் தூக்கத்திலும் வைஃபையைத் தேடும், அப்டேட்டைத் தேடும். காற்றில்லாத பைக்குள் கொதித்து, பேட்டரியும் காலியாகி, சென்னை கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறும்போது 90 சதவீதம் இருந்தது மதுரையில் இறங்கும்போது செத்துக் கிடக்கும். ஷட் டவுன் செய்யுங்கள், இல்லை ஹைபர்னேட் (திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது). திரையை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கித் திறக்காதீர்கள். திரை மடிகிற கீலான ஹிஞ்சின் ஸ்க்ரூவைத் தாங்குவது பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குமிழ்கள்தான், அவை பெயர்ந்தால் பாடியையே மாற்ற வேண்டிவரும்.

மழையில் நனைந்தால்? நவம்பர், டிசம்பரில் இந்த ஊரில் இது கட்டாயம் வரும் கேள்வி. சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அணையும் வரை அழுத்திப் பிடித்து, கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். ஆன் ஆகிறதா என்று ஆசைக்குக்கூடப் பார்க்க வேண்டாம். அரிசி டப்பாவில் புதைப்பது வேலைக்காகாது. பேட்டரி உள்ளேயே இருப்பதால், அணைத்த பிறகும் போர்டின் சில இடங்களில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் செம்பு அரிக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சார்ஜிங் ஐசியின் கால்களைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கும். ஒரே நாளில் வந்தால் கழுவிக் காப்பாற்றலாம். ஒரு வாரம் உலரவைத்துவிட்டுக் கொண்டுவந்தால் பெரும்பாலும் கால்களே இருப்பதில்லை. சர்க்கரை போட்ட காபி கொட்டினால் மழைத் தண்ணீரைவிட மோசம்.

விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. 100 வாட்-அவர் வரை கேள்வி இல்லை. 20,000 எம்ஏஹெச் என்பது 74 வாட்-அவர். லேப்டாப்புக்கும் அது உதவ வேண்டுமானால் டைப்-சியில் 45 வாட் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. புது விண்டோஸ் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பல மாடல்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். திருடு போனால் அது உங்களுக்கு நல்லது. ஆனால் ஊரில் எங்கோ போர்டு மாற்றும்போதோ, சில நேரம் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ, 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டே மறந்துபோனவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். என்னால் எதுவும் செய்ய முடியாது. கிளம்புமுன் அந்தக் கணக்கில் நுழைந்து கீயை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். தாள் வீட்டு பீரோவில் இருக்கட்டும், லேப்டாப் பையில் வேண்டாம்.