ஆன்மீக ஊட்டச்சத்தா, பசியாறுதலா?

போன ஞாயிறு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சபை அறிவிப்புத்தாளில் மறுபடியும் அதே தலைப்பு: 'உண்மையான ஆன்மீக ஊட்டச்சத்து'. இந்த வருடம் இது நான்காவது முறை. பக்கத்தில் இருந்த பாட்டி, முப்பது வருடம் பால்மரம் சீவியவர், கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: "என்னா தம்பி, செம்பனைக்கு உரம் போடறாங்களா?"

ஆங்கிலத்தில் 'ஸ்பிரிச்சுவல் நரிஷ்மென்ட்'. 'நரிஷ்மென்ட்', பாலூட்டு, ஊட்டி வளர் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நர்ஸும் அதே வேர்தான். தமிழில் உண் என்பதன் பிறவினை ஊட்டு. அதுவரை சரி.

'சத்து' ஒட்டிக்கொண்டதும்தான் கெட்டது. ஊட்டச்சத்து என்றால் புரதம், இரும்பு, வைட்டமின்; கிளினிக் சுவரில் படம் போட்டுத் தொங்கும் சமாச்சாரம். ஊட்டுகிறவரும் இல்லை, பசியும் இல்லை, மாத்திரை மட்டும் மிச்சம். 'போஷாக்கு' வடமொழிதான், இருந்தாலும் போஷிக்கிறவர் ஒருவர் அதில் தெரிகிறார். வேதாகமத்தின் பழைய தமிழ்ப் பெயர்ப்பில் பறவைகளுக்குப் பரமபிதா 'பிழைப்பூட்டுகிறார்' (மத்தேயு 6:26). என்ன அழகான சொல்!

1 கொரிந்தியர் 10:3இல் 'ஞானபோஜனம்', 1 பேதுரு 2இல் 'ஞானப்பால்'. ஞானஸ்நானத்தில் வரும் அதே 'ஞான', 'ஆன்மீக' என்ற பொருளில். இன்று ஞானம் என்றால் அறிவு என்றே எடுத்துக்கொள்வார்கள் என்பதால் அதை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் யோவான் 6:35ஐப் பாருங்கள். பழைய பெயர்ப்பில் 'ஜீவ அப்பம் நானே', 1995இல் வந்த புதிய பெயர்ப்பான திருவிவிலியத்தில் 'வாழ்வு தரும் உணவு நானே'. இரண்டிலும் சத்து கித்து ஒன்றும் கிடையாது. இயேசு தம்மையே உணவென்கிறார், வருகிறவனுக்குப் பசி இராது என்கிறார். யாத்திராகமம் 16இல், வனாந்தரத்தில் கடவுள் கொடுத்த உணவான மன்னாவை அன்றன்றைக்குத்தான் பொறுக்கவேண்டும். சிலர் விடியும்வரை எடுத்துவைத்தார்கள், புழுத்து நாறியது. அதைப் போய் டப்பாவில் அடைத்த சத்து ஆக்கலாமா?

நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: பசியாறுதல். காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்றுதானே கேட்கிறோம்? 'ஆத்துமா பசியாற' என்று போட்டால் பாட்டிக்கும் புரியும். மொழிபெயர்க்கிறவர்களோ அகராதியில் 'நியூட்ரிஷன்' பக்கத்தைத் திறந்து, கிடைத்ததை ஒட்டிவிடுகிறார்கள்.

தாளைத் தயாரிப்பவரிடம் சொன்னேன். "கௌரவமா இல்லையே அண்ணே" என்றார். ஆராதனை முடிந்ததும் நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டி, "வாங்க, பசியாறலாம்" என்று கூப்பிட்டதும் அவர்தான்.

அப்புறம், அது ஆன்மீகமும் இல்லை, ஆன்மிகம். அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.