இ.இ.ஜி. ரிப்போர்ட் நார்மல் என்றால் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடுமா?

"ரிப்போர்ட் நார்மல்னு வந்திருக்கே டாக்டர், அப்புறம் எதுக்கு மாத்திரை?" வலிப்பு நோய்க்கான வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. இதற்கு நேரெதிரான நிலைமையும் உண்டு. தலைவலி என்றோ, படிப்பில் கவனம் போதவில்லை என்றோ எடுத்த இ.இ.ஜி.யில் (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) 'அப்நார்மல்' என்று ஒற்றை வரி வந்துவிடும். அதை நம்பி, ஒருமுறைகூட வலிப்பு வராத பிள்ளை ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். இந்தச் சோதனை எதைக் காட்டும், எது அதன் கண்ணுக்கே எட்டாது என்பதை எடுத்துச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

மூளையின் மேலடுக்கான புறணியில், கூம்பு வடிவ நரம்பணுக்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே திசை பார்த்து நிற்கின்றன. ஓர் அணுவிடமிருந்து இன்னொன்றுக்குச் செய்தி வந்து சேரும்போது, பெற்றுக்கொள்ளும் அணுவின் சவ்வில் மின்னழுத்தம் மெதுவாக ஏறி இறங்கும். இப்படி லட்சக்கணக்கான அணுக்களில் நடக்கும் ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகையைத்தான் இ.இ.ஜி. வரைகிறது. நரம்பிழை வழியாகப் பாயும் கூர்மையான மின்துடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டில் முடிந்துவிடுவதால், அவை ஒன்றோடொன்று சேர்ந்து வெளியே தெரியும் அளவுக்கு வளர்வதில்லை. மண்டையோட்டையும் தோலையும் தாண்டி ஓர் அலை பதிவாக வேண்டுமானால், சுமார் 6 முதல் 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள புறணி ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். அப்படி வெளியே வந்து சேர்வதும் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவுதான். இதயத்தின் ஈ.சி.ஜி. அலை சுமார் ஒரு மில்லிவோல்ட், அதாவது பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை பெரியது.

இந்தக் கணக்கு புரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். வலிப்பு தொடங்கும் இடம் சிறியதாக இருந்தாலோ, பொட்டுமடலின் (நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதி) உட்பக்கம், முன்மடலின் அடிப்பகுதி, இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவே உள்ள மடிப்பு போன்ற ஆழமான இடங்களில் இருந்தாலோ, தலைத்தோலில் ஒட்டி வைத்த சிறு உலோக வில்லையான எலக்ட்ரோடுக்கு அது தெரியாமலே போகலாம். நேரமும் ஒரு தடை. வழக்கமான பதிவு 20 முதல் 30 நிமிடம். ஒரு நாளில் அது அதிகபட்சம் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. வலிப்புக்கும் வலிப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் எப்போதாவது தெறிக்கும், வலிப்பின் அடையாளமான கூர் அலைகள் அந்த அரை மணி நேரத்துக்குள்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மின்சாரம் என்ற சொல்லைக் கேட்டதும், மூளைக்குள் ஷாக் கொடுக்கப் போகிறார்களோ என்று பயப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கருவி உள்ளே எதையும் செலுத்துவதில்லை, உள்ளிருந்து வருவதைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதத் தலையிலிருந்து இந்த அலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். தான் பார்ப்பது மூளையின் அலைதானா, வெறும் இரைச்சலா என்ற சந்தேகத்தோடு ஐந்து ஆண்டுகள் சோதித்த பிறகே 1929-இல் வெளியிட்டார். அப்போதும் பலர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஏட்ரியனும் மேத்யூஸும் அதைத் திரும்பச் செய்து காட்டிய பிறகுதான் அங்கீகாரம் வந்தது. அலையா, இரைச்சலா என்ற அந்தச் சந்தேகம் இன்றும் ஒவ்வொரு பதிவைப் படிக்கும்போதும் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் தவறான ரிப்போர்ட் பிறக்கிறது.

முதல் நாளே தொடங்கும் வேலை

சோதனைக்கு முந்தைய இரவு ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்துவிட வேண்டும். எண்ணெய், கண்டிஷனர், ஜெல், ஸ்பிரே எதுவும் கூடாது. தலைமுடி ஈரமாகவும் இருக்கக் கூடாது. வலிப்பு மாத்திரையை வழக்கம்போலவே சாப்பிட வேண்டும். "சோதனையில் நன்றாகத் தெரியட்டும்" என்று தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மாத்திரையைக் குறைத்துப் பதிவு செய்ய வேண்டிய தேவை சில நேரம் வரும். அதை மருத்துவமனையில் படுக்கவைத்து, கண்காணிப்போடு செய்வார்கள்.

வெறும் வயிற்றோடு வரக் கூடாது. ரத்தச் சர்க்கரை குறைந்தால் அலைகள் மந்தமாகும், அது நோய் போலத் தெரியும். காபி, தேநீரை அன்று தவிர்ப்பது நல்லது.

தூக்கம்தான் முக்கியம். பல வகை வலிப்புகளில் கூர் அலைகள் தூக்கக் கலக்கத்திலும் இலேசான தூக்கத்திலும்தான் தலைகாட்டும். அதனால் 'தூக்கம் குறைத்த இ.இ.ஜி.' என்று எழுதியிருந்தால் பெரியவர்களை முந்தைய இரவு நான்கைந்து மணி நேரம் மட்டுமே தூங்கிவிட்டு வரச் சொல்வார்கள். குழந்தைகளுக்கு வயதுக்கு ஏற்ப மாறும். பெற்றோர் செய்யும் பெரிய தவறு, இரவெல்லாம் கஷ்டப்பட்டு விழிக்க வைத்துவிட்டு, வரும் வழியில் வண்டியில் பிள்ளையைத் தூங்க விட்டுவிடுவது. பதிவு அறையில் அது துறுதுறுவென்று விளையாடிக்கொண்டிருக்கும். தூக்கம் குறைவதே வலிப்பைத் தூண்டும் என்பதால் நோயாளி தனியாக வரக் கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது.

தூங்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் மெலடோனின், டிரைக்ளோஃபாஸ் போன்றவை அலைகளை அதிகம் கெடுப்பதில்லை. டயசிபாம் வகை மருந்துகள் வேகமான பீட்டா அலைகளைக் கூட்டி, தேடுகிற கூர் அலைகளை அடக்கிவிடும். எனவே எந்த மருந்து, கடைசியாக எப்போது, கடைசி வலிப்பு எப்போது என்ற விவரங்களை டெக்னீஷியனிடம் சொல்ல வேண்டும். தலையில் அறுவை நடந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எலும்பில் திறப்பு உள்ள இடத்தில் மின் தடை குறைவதால் இயல்பான அலையே உயரமாகவும் கூராகவும் பதிவாகும். அறுவை நடந்தது தெரியாமல் படிப்பவர் அதை வலிப்பு அலை என்று எழுதிவிடலாம்.

எலக்ட்ரோடு வைப்பதில் நடக்கும் பிழைகள்

மூக்கின் வேரிலிருந்து பிடரியில் தட்டுப்படும் எலும்பு மேடு வரைக்கும், ஒரு காதின் முன்பள்ளத்திலிருந்து மறு காதின் முன்பள்ளம் வரைக்கும் டேப்பால் அளந்து, அந்த நீளத்தை 10, 20 சதவீதமாகப் பிரித்துப் புள்ளி வைப்பார்கள். ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் வெளியிட்ட இந்த '10-20' முறையில் காது இரண்டையும் சேர்த்து 21 எலக்ட்ரோடுகள். எலக்ட்ரோடின் பெயரில் ஒற்றைப்படை எண் இருந்தால் இடப்பக்கம், இரட்டைப்படை எண் இருந்தால் வலப்பக்கம். தலையின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் சென்டிமீட்டர் கணக்கு வைக்காமல் சதவீதம் வைத்தார்கள்.

அளக்காமல் கண் மதிப்பில் ஒட்டினால் என்ன ஆகும்? பதிவில் ஓடும் ஒவ்வொரு கோடும் இரண்டு எலக்ட்ரோடு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்த வித்தியாசம். ஒரு பக்கத்தில் அந்த இரண்டும் நெருங்கிவிட்டால் வித்தியாசம் குறைந்து அலை குட்டையாகத் தெரியும். "இடப்பக்கம் செயல்பாடு குறைவு" என்று ரிப்போர்ட் வரும், குடும்பம் ஸ்கேனுக்கு ஓடும். எலக்ட்ரோடை ஒட்டும் பேஸ்ட்டை அள்ளி அப்பினால் பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகள் ஒன்றாகிவிடும். அந்த ஜோடிக்கான கோடு ஏறக்குறையத் தட்டையாகப் போகும். தோலைத் தேய்ப்பு ஜெல்லால் மெல்லச் சுத்தம் செய்தால் தொடர்புத் தடை (எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின் தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்துவிடும், 10 வரை ஏற்கலாம். அதைவிட முக்கியம் எல்லா இடத்திலும் தடை ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பது. ஓரிடத்தில் மட்டும் எகிறியிருந்தால் அறையின் மின்கம்பி இரைச்சல் அந்த வழியாக நுழையும். இரைச்சலை வடிகட்டியால் மறைக்கலாம்தான், ஆனால் கழன்று நிற்கும் எலக்ட்ரோடையும் அது சேர்த்து மறைத்துவிடும். நல்ல டெக்னீஷியன் முதலில் பேஸ்ட்டைத்தான் சரிபார்ப்பார்.

கண்ணை மூடிப் படுத்ததும் பின்மடலில் நொடிக்கு 8 முதல் 13 வரையிலான ஆல்ஃபா அலை எழும், கண் திறந்ததும் அடங்கும். பிறகு மூன்று நிமிடம் ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளை ரத்தநாளங்கள் சுருங்கி, அலைகள் மந்தமாகும். குழந்தைகளுக்கு இது மிக இயல்பு. ஆனால் ஒரு கணம் வெறித்துப் பார்த்து நிற்கும் 'ஆப்சென்ஸ்' வகை வலிப்பு இந்த நேரத்தில் பெரும்பாலும் வந்தே தீரும், நொடிக்கு 3 என்ற கணக்கில் கூர் அலையும் மந்த அலையும் மாறி மாறி ஓடும். அப்போது டெக்னீஷியன் ஒரு சொல்லைச் சொல்லி, முடிந்ததும் அது நினைவிருக்கிறதா என்று கேட்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் நோய் முடிவாயிற்று. மருந்துத் தேர்வும் இதில்தான் தொங்குகிறது. கார்பமசெபின், ஃபெனிடாயின் இரண்டும் வேறு வகை வலிப்புக்கு நல்ல மருந்துகள், ஆப்சென்ஸ் வகையை மோசமாக்கக்கூடியவை. அண்மையில் பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கும், அரிவாள்செல் சோகை, மூளை ரத்தநாளங்கள் குறுகும் மோயாமோயா நோய், கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் இந்த மூச்சுப் பயிற்சி கூடாது. அடுத்ததாக, விட்டுவிட்டு மின்னும் விளக்கு. ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ள சிலருக்கு நொடிக்கு 15 முதல் 20 முறை மின்னும்போது எதிர்வினை எளிதில் கிளம்பும்.

படிப்பவரை ஏமாற்றும் அலைகள்

கண்ணின் முன்பக்கம் நேர்மின் தன்மை கொண்டது. இமை மூடும்போது விழி மேலே உருள்வதால் நெற்றி எலக்ட்ரோடுகளில் பெரிய அலை விழும். தாடையை இறுக்கினால் கோடு முழுக்க மை அப்பியதுபோல் ஆகும். வியர்த்தால் கோடுகள் தள்ளாடும். ஒரே எலக்ட்ரோடில் மட்டும் செங்குத்தாக எழும் அலை பெரும்பாலும் கழன்ற தொடர்பு. மூளையில் பிறந்த அலையாக இருந்தால் அக்கம்பக்கத்து எலக்ட்ரோடுகளிலும் கொஞ்சமாவது படிந்து தெரிய வேண்டும்.

இவற்றைவிடச் சிக்கல், மூளையிலிருந்தே வந்தும் நோய் அல்லாத அலைகள். பொட்டுமடலில் தூக்கக் கலக்கத்தில் வரும் வளைவான 'விக்கெட்' அலைகள், இலேசான தூக்கத்தில் வரும் சின்னக் கூர் அலைகள், எதிர்க்கையை அசைத்தால் மறையும் 'மியூ' அலை எல்லாம் ஆரோக்கியமானவர்களிடமும் உண்டு. வலிப்பு இல்லாதவரை நோயாளி ஆக்குவதில் பெரும்பங்கு இவற்றுடையது. என்னைக் கேட்டால், சந்தேகத்துக்குரிய ஒற்றை அலையை விட்டுவிடுவதால் வரும் நஷ்டம், அதைப் பிடித்துக்கொண்டு நோய் என்று எழுதுவதால் வரும் நஷ்டத்தைவிடக் குறைவு. விட்டதை அடுத்த பதிவில் பிடிக்கலாம். எழுதியதை அழிப்பதுதான் கடினம்.

எண்களைப் பார்ப்போம். வலிப்பு நோய் உறுதியானவர்களிடம் முதல் வழக்கமான பதிவில் கூர் அலை தெரிவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். தூக்கத்தோடு சேர்த்துத் திரும்பத் திரும்ப எடுத்தால் சுமார் 80 சதவீதம் வரை போகும், மீதிப் பேருக்கு எப்போதும் நார்மலாகவே வரலாம். வலிப்பு வந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் வாய்ப்பு கூடும். மறுபுறம், வலிப்பே வராத ஆரோக்கியமான பெரியவர்களிடம் கூர் அலை காணப்படுவது சுமார் 0.5 சதவீதம். குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். ஆகவே நடந்தது வலிப்பா என்பதை முடிவு செய்வது நேரில் பார்த்தவர் சொல்லும் விவரம். அது வலிப்பு என்று தெளிந்த பிறகு, எந்த வகை, எந்தப் பக்கம் என்பதைச் சொல்லத்தான் இ.இ.ஜி. நின்றுகொண்டிருக்கும்போது முகம் வெளிறி, வியர்த்து, சரிந்து, சில நொடி கைகால் உதறி, உடனே தெளிந்து எழுந்தால் அது பெரும்பாலும் சாதாரண மயக்கம். அவருக்கு முதலில் எடுக்க வேண்டியது ஈ.சி.ஜி.

இ.இ.ஜி.க்கு மாற்றே இல்லாத இடங்களும் இருக்கின்றன. அசைவே இல்லாமல் சுயநினைவின்றிக் கிடப்பவரின் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. படம் உறுதிப்படுத்தாது. கைக்குழந்தை திரும்பத் திரும்பக் குனிந்து கும்பிடுவதுபோல் உதறினால், அலைகள் தாறுமாறாகக் கிடக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கும்.

வலிப்பு மீண்டும் வந்தால் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். முதலில் ஒருவர் நோயாளியைப் பக்கவாட்டில் சாய்த்துவிட வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்பு கொடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இன்னொருவர் முகமும் முழு உடம்பும் தெரிய எடுக்கலாம். கண் திறந்திருக்கிறதா, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, முதலில் உதறியது எந்தக் கை என்பவை தெரிய வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வரும்வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். பெரும்பாலான பெரிய வலிப்புகளில் கண் திறந்தே இருக்கும். கண்ணை இறுக மூடியபடி நீண்ட நேரம் உதறினால் மன அழுத்தம் சார்ந்த நிகழ்வாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு, ஆனால் அது வலிப்பு மாத்திரை அல்ல.

ரிப்போர்ட்டை வாங்கும்போது மூன்று விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எத்தனை நிமிடம் பதிவானது, தூக்கம் பதிவானதா, மூச்சுப் பயிற்சியும் விளக்கும் செய்தார்களா. 'மந்த அலை' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வலிப்பு என்று பொருள் அல்ல. தூக்கக் கலக்கம், மருந்து, காய்ச்சல், அண்மையில் வந்த வலிப்பு எல்லாமே அலையை மந்தமாக்கும். அச்சிட்ட தாளோடு நின்றுவிடாமல் முழுப் பதிவையும் பென்டிரைவிலோ குறுந்தகட்டிலோ கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கருத்து கேட்கப் போகும் மருத்துவர், கோடுகளை வேறு ஜோடிகளாக மாற்றிப் பார்க்க அந்தக் கோப்பு வேண்டும்.