கோயில் கதவுக்கும் கேமராவுக்கும் அரசுப் பணம்: ரீயூனியன் சங்கங்கள் விண்ணப்பிப்பது எப்படி?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் கோயில் நடத்தும் சங்கங்கள், பயங்கரவாதத் தாக்குதலிலிருந்து மக்களைக் காக்கும் ஏற்பாடுகளுக்குப் பிரெஞ்சு அரசிடம் மானியம் கேட்கலாம். வலுவான கதவு, சுற்றுவேலி, வாசலில் கேமரா, அலாரம் போன்றவை இதில் அடங்கும். "அதெல்லாம் பாரிஸ் பக்கத்துக்காரர்களுக்கு, நம் தீவுக்கு எதற்கு?" என்று கமிட்டிக் கூட்டங்களில் கேட்பார்கள். 2017 ஏப்ரலில் இங்கே சான்-பெனுவாவில் தீவிரவாதச் சந்தேகத்தில் ஒருவரைப் பிடிக்கப்போன போலீசார் இருவர் சுடப்பட்டுக் காயமடைந்ததை அவர்கள் மறந்திருக்கலாம். தீவில் பிரெஞ்சு அரசின் நிர்வாக அலுவலகமான பிரெஃபெக்சூர் மறக்கவில்லை.

இந்தப் பணம் வரும் நிதிக்கு எஃப்.ஐ.பி.டி. (குற்றத் தடுப்புக்கான அமைச்சகங்களுக்கு இடையிலான நிதி) என்று பெயர். 2007 மார்ச் 5ஆம் தேதிச் சட்டத்தின்படி உருவானது. 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் தாக்குதல்களுக்குப் பிறகு தீவிரவாதத் தடுப்பும் இதன் வேலையில் சேர்ந்தது. இதன் கீழ் 'கே' என்றொரு பிரிவு உண்டு; தாக்குதல் ஆபத்து உள்ள இடங்களைப் பலப்படுத்துவதற்கான பிரிவு அது. வழிபாட்டுத் தலங்கள் அதில் வருகின்றன. 2016 ஜூலையில் நார்மண்டியில் பூசை நடந்துகொண்டிருந்த தேவாலயத்திலேயே ஒரு பாதிரியார் கொல்லப்பட்டார். 2020 அக்டோபரில் நீஸ் நகரத் தேவாலயத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். கோயில் வாசலைப் பற்றி அரசு யோசிப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

மதத்துக்கு அரசு காசு கொடுக்கக்கூடாது என்ற 1905ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அந்தச் சட்டம் 1911 முதல் ரீயூனியனுக்கும் பொருந்தும். ஆனால் இங்கே அரசு பணம் தருவது பூசைக்கு அல்ல, கட்டடத்தில் கூடும் ஆட்களின் உயிருக்கு. விண்ணப்பத்தை எழுதும்போதும் இந்த வித்தியாசம் மனதில் இருக்க வேண்டும். கருவறைத் திருப்பணி, கோபுர வண்ணம், மண்டப விரிவு எதையும் இதற்குள் நுழைக்கப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு வரி அப்படி இருந்தாலும் முழு ஃபைல் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

கோயில் என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் கிடைத்துவிடாது. எந்த இடத்துக்கு ஆபத்து அதிகம் என்று பிரெஃபெக்சூரின் தலைவரான பிரெஃபே பார்த்துத்தான் முன்னுரிமை தருவார். அதனால் உங்கள் இடத்தின் நிலையைச் சொல்லிப் புரிய வைப்பது உங்கள் பொறுப்பு. நம் சங்கங்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது உண்டியல் உடைந்த கதை. திருட்டுக்கான நிதி இது அல்ல. தைப்பூசக் காவடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், தீமிதி அன்று குழியைச் சுற்றிக் கூட்டம் எப்படி நிற்கிறது, வெளியேற எத்தனை வழி, மிரட்டல் கடிதமோ சுவரில் வெறுப்பு எழுத்தோ வந்ததா, வந்திருந்தால் போலீசில் கொடுத்த புகாரின் நகல் எங்கே என்று எழுதுங்கள். உண்டியலைப் பற்றி ஒரு வரி போதும்.

எதை வாங்குவது என்று கமிட்டியே முடிவு செய்துவிட்டுக் கடைக்காரரிடம் போகாதீர்கள். போலீசிலும், ஊர்ப்புறங்களைக் காக்கும் ராணுவப் போலீசான ஜாந்தார்மெரியிலும் 'ரெஃபெரான் சூர்த்தே' எனப்படும் பாதுகாப்பு ஆலோசகர் இருக்கிறார். சான்-தெனி, சான்-பியேர் போன்ற நகரங்களில் போலீசைக் கேளுங்கள்; சிலாவோஸ், சலாசி போன்ற மலைப்பக்கங்களில் ஜாந்தார்மெரியை. அவர் வந்து பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கமிட்டிக்குப் பிடித்தது எப்போதும் கேமரா. கொடிமரத்துக்கு மேலே ஒன்று, கோபுரத்தில் ஒன்று என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். வருகிறவரோ நேராகச் சமையல்கட்டுப் பக்கம் போவார். அன்னதானத்துக்கு வாழை இலையும் அரிசி மூட்டையும் இறக்கும் பின்வாசல் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். அதன் பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். பூட்டுள்ள இரும்புக் கதவு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் அவசர வழி, சிலிண்டருக்குத் தனிக் கூண்டு என்று அவர் சொல்வது அழகாக இருக்காது. ஆனால் சரியாக இருக்கும். அவர் கருத்து எழுத்தில் இருந்தால் விண்ணப்பத்துக்கு அதைவிடப் பெரிய பலம் இல்லை.

பிரெஃபெக்சூர் ஆண்டுதோறும் இதற்கு அழைப்பு வெளியிடும்; கடைசித் தேதியை அந்த ஆண்டு அறிவிப்பிலேயே பாருங்கள், போன வருடத் தேதியை நம்பாதீர்கள். சங்கங்கள் மானியம் கேட்கும் பொதுப் படிவம் செர்ஃபா 12156 (செர்ஃபா என்பது அரசுப் படிவ எண்). அதோடு சங்க விதிகள், நிர்வாகிகள் பட்டியல், கடைசி ஆண்டுக் கணக்கு, வங்கி விவரம், விலைப்புள்ளிகள் எல்லாம் போக வேண்டும். சங்கத்தை அடையாளம் காட்டும் 14 இலக்கப் பதிவு எண்ணான சிரே எண் கட்டாயம். பழைய கரும்புத் தோட்டத்துக் கோயில்கள் பலவற்றில் இந்த எண்ணே எடுத்திருக்க மாட்டார்கள். இலவசம்தான், ஆனால் கையில் வர நாளாகும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இப்போதே பாருங்கள். தாத்தா காலத்தில் ஒரு குடும்பத்தின் பெயரில் எழுதிய நிலத்தில் சங்கம் வேலி போடுவதென்றால், உரிமையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் பேச்சு நகராது.

2022 ஜனவரியிலிருந்து மானியம் கேட்கும் சங்கங்கள் 'குடியரசு ஈடுபாட்டு ஒப்பந்தம்' என்ற ஒன்றில் கையெழுத்திட வேண்டும். மனச்சாட்சிச் சுதந்திரம், சமத்துவம், வன்முறை மறுப்பு என்று அதில் 7 உறுதிமொழிகள். மீறினால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். தலைவர் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், பொதுக்குழுவில் வாசித்துக் காட்டுவது நல்லது.

விலைப்புள்ளி விஷயத்தில் நம் தீவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பிரான்ஸ் பெருநிலத்துக் கம்பெனி இணையத்தில் தரும் விலையில் 20 சதவீதம் டி.வி.ஏ. என்ற விற்பனை வரி இருக்கும், இங்கே 8.5 சதவீதம்தான். ஆனால் கப்பல் கூலியும், தீவுக்கு வரும் பொருள்களுக்கான ஒக்த்ருவா த மேர் வரியும் மேலே ஏறும். இதையெல்லாம் சேர்த்து இங்குள்ள கம்பெனி எழுதிக் கொடுத்த விலையையே வையுங்கள். கடற்கரைப் பக்கத்துக் கோயிலானால் உப்புக் காற்றுக்கும் புயலுக்கும் தாங்கும் பொருளா என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மலிவான கேமரா கம்பம் முதல் சைக்ளோனிலேயே சாய்ந்துவிடும்.

மொத்தச் செலவையும் அரசு ஏற்காது. பொதுவாக 80 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பல நேரம் அதைவிடக் குறைவு. மீதிக்கு நன்கொடையோ சங்கச் சேமிப்போ இருக்கிறது என்று வரவு செலவுத் திட்டத்தில் காட்ட வேண்டும். காவலாளிச் சம்பளம் இதில் வராது. விண்ணப்பம் போடும் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டால் அந்தச் செலவுக்கு மானியம் போச்சு. "தைப்பூசத்துக்குள் கதவு மாட்டிவிடுவோம், பேப்பர் பின்னால் வரட்டும்" என்ற அவசரம்தான் பணத்தைக் கெடுக்கும்.

கேமராவுக்கு மானியம் கிடைத்தாலும் அதை மாட்டத் தனி அனுமதி வேண்டும். பொதுமக்கள் வந்துபோகும் இடமென்றால் பிரெஃபேயின் ஒப்புதல். படிவம் செர்ஃபா 13806. அனுமதி 5 ஆண்டுக்கு. படங்களை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. கேமரா இருப்பதை அறிவிக்கும் பலகை வாசலில் வேண்டும். பக்கத்து வீட்டு வாசலும் ஜன்னலும் படத்தில் விழக்கூடாது. பதிவுகளை யார் பார்க்கலாம் என்பதையும் பெயரோடு குறிக்க வேண்டும். கமிட்டியில் எல்லார் போனிலும் நேரலை ஓடுவது இங்கே செல்லாது.

திருவிழாக் கூட்டம் தெருவுக்கு வந்துவிட்டால் கதையே வேறு. நீஸில் 2016 ஜூலை 14 அன்று லாரி ஏறி 86 பேர் இறந்ததிலிருந்து, தெருவில் கூட்டம் என்றாலே வாகனம் நுழையாமல் தடுக்கும் கட்டைகளைப் பற்றித்தான் முதல் பேச்சு. அவற்றைச் சங்கம் வாங்க வேண்டியதில்லை. சாலை மேரி எனப்படும் நகராட்சியுடையது என்பதால் கேட்க வேண்டியதும் மேரியிடம்தான். சான்-ஆந்த்ரே தீபாவளி போன்ற பெரிய விழாவுக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே பேச்சு தொடங்க வேண்டும். தெரு ஊர்வல அறிவிப்பைச் சட்டப்படி நிகழ்வுக்கு 15 நாளுக்கு மேலோ 3 நாளுக்குக் குறைவாகவோ கொடுக்க முடியாது. ஊர் வழக்கப்படி வரும் சமய ஊர்வலத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்றாலும் மேரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவதே என் யோசனை. பயங்கரவாதத்துக்கு எதிரான அரசுத் திட்டமான விஜிபிராட்டின் அன்றைய எச்சரிக்கை நிலை என்ன என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

பணம் வந்த பிறகு பில்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். செலவுக் கணக்கை செர்ஃபா 15059 படிவத்தில், நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மானியம் 23,000 யூரோவைத் தாண்டினால் அரசுடன் தனி ஒப்பந்தம் எழுத வேண்டும். பொருளாளர் நடுவில் மாறினால் அந்தக் கோப்பைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு புதியவரிடம் ஒப்படையுங்கள்.