வலு: ‘பவர்’ என்பதற்கு எங்கள் சொல்

‘வலு திறம்’ என்றால் யாழ்ப்பாணத்தில் மிக நன்று என்று பொருள். ‘வலு கெட்டிக்காரி’, ‘வலு கவனமாய்ப் போ’ என்பனவும் அதே வார்ப்பு. பேச்சில் ‘மிக’ என்று நிற்கும் இந்த வலுதான் இலங்கைப் பௌதிகப் பாடநூல்களில் ‘பவர்’ என்பதற்கான கலைச்சொல். இரண்டுக்கும் வேர் ஒன்றே: வல். வலி, வலிமை, வன்மை, வல்லமை, வல்லவன் எல்லாம் அதன் கிளைகள். கன்னடத்தில் ‘பலு’ என்றாலும் ‘மிக’ என்றே பொருள்; மலையாளத்தில் ‘வலிய’ என்றால் பெரிய. உறுதியைக் குறித்த சொல் மிகுதியையும் குறிக்கத் தொடங்கியது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல.

பௌதிகத்தில் வலுவின் பொருள் இதைவிட மிகக் குறுகியது: ஒரு செக்கனில் எவ்வளவு சக்தி மாற்றப்படுகிறது என்பது. ஒரு செக்கனுக்கு ஒரு யூல் என்றால் ஒரு வாற்று. அலகின் பெயர் ஜேம்ஸ் வாற்றின் நினைவாக 1882இல் முன்மொழியப்பட்டது. 1990களில் மின்சாரம் இல்லாத குடாநாட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். சுற்றும் கை தளர்ந்தால் சத்தம் அமுங்கிவிடும். பத்து நிமிடம் சுற்றியதில் மொத்தம் செலவானது சக்தி. அந்தந்தக் கணத்தில் றேடியோவைப் பாட வைத்தது வலு. சைக்கிள் டைனமோவின் வழக்கமான அளவு 6 வோல்ற்று, 3 வாற்று. அதாவது 0.5 அம்பியர் ஓட்டம்; அதில் எரியும் குமிழின் தடை 12 ஓம்.

குழப்பம் தமிழ்நாட்டுப் பாடநூலையோ காணொளியையோ சேர்த்துப் படிக்கும்போது வருகிறது. அங்கே ‘பவர்’ திறன், இங்கே வலு. அங்கே ஆற்றல் என்பது இங்கே சக்தி. இங்கே திறன் என்றால் வினைத்திறன்: கொடுத்த வலுவில் பயனாகக் கிடைத்த பங்கு. அதற்கு அலகே இல்லை. ஆகவே ‘மோட்டரின் திறன் யாது?’ என்ற கேள்விக்கு ஒரு மாணவர் 746 வாற்று என்றும் இன்னொருவர் 72% என்றும் எழுதக்கூடும். எங்கள் சொல்லாட்சி இந்த இடத்தில் தெளிவானது; மூன்று கருத்துக்கு மூன்று சொல் இருக்கும்போது கலந்து எழுதக் கூடாது.

கணிப்பதற்கு இரண்டு உறவுகள் போதும். அழுத்த வேறுபாட்டை, அதாவது வோல்ற்றளவை, ஓட்டத்தால் வகுத்தால் தடை, பெருக்கினால் வலு. 230 வோல்ற்றில் 8 அம்பியர் எடுக்கும் மின்கேத்தலின் தடை 28.75 ஓம், வலு 1840 வாற்று. பின்னேரத்தில் வோல்ற்றளவு 200க்கு இறங்கினால்? வலு 8 × 200 = 1600 என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. மாறாமல் இருப்பது தடை. ஓட்டமும் சேர்ந்து குறையும். 200ஐ 28.75ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.96 அம்பியர், வலு 1391 வாற்று. வோல்ற்றளவு 13% விழ, வலு 24% விழுகிறது. ஆறு நிமிடத்தில் கொதித்த தண்ணீருக்கு எட்டு நிமிடம் வேண்டும்.

அளக்கும்போது அம்பியர்மானி தொடரிலும் வோல்ற்றுமானி சமாந்தரமாகவும் இருக்க வேண்டும். மல்ரிமீற்றரை அம்பியரில் வைத்துப் பற்றரியின் இரு முனையிலும் தொட்டால் உள்ளே இருக்கும் பியூஸ் போய்விடும், ஏனென்றால் அந்த நிலையில் அதன் தடை மிகச் சிறிது. மில்லியம்பியரை 1000ஆல் வகுக்காமல் சமன்பாட்டில் போடுவது இன்னொரு பிழை. இழை மின்குமிழில் வேறு சிக்கல்: 230 வோல்ற்று, 60 வாற்றுக் குமிழ் எரியும்போது தடை 882 ஓம். அணைத்து, குளிர்ந்த பிறகு ஓம்மானியால் அளந்தால் அதன் பத்திலொரு பங்குகூட வராது. தங்குதன் இழையின் தடை வெப்பநிலையோடு ஏறுவதே காரணம். குளிர்ந்த தடையை வைத்து வலுவைக் கணிக்கக் கூடாது.

தோட்டக் கிணற்று மோட்டரில் பெருக்கல் மட்டும் போதாது. ஒரு குதிரைவலு, அதாவது 746 வாற்று வெளியீடுள்ள மோட்டர் 230 வோல்ற்றில் 6 அம்பியர் எடுக்கிறது என்று வைப்போம். பெருக்கினால் 1380 வோல்ற்று அம்பியர். அது இன்னும் வாற்று ஆகவில்லை. ஆடலோட்டத்தில் (திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரத்தில்) சுருளின் தூண்டலால் ஓட்டம் வோல்ற்றளவுக்குப் பிந்துகிறது. ஆகவே வலுக்காரணியாலும், அதாவது வோல்ற்று அம்பியரில் உண்மையில் வாற்றாகும் பங்காலும், பெருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது திறன் காரணி. அது 0.75 என்றால் உள்ளே போகும் வலு 1035 வாற்று, திறன் 72%. 230ஐ 6ஆல் வகுத்து வரும் 38 ஓமும் சுருளின் தடை அல்ல. மல்ரிமீற்றர் காட்டுவது சில ஓம்தான்.

வோல்ற்றளவு விழுந்தால் கேத்தலில் ஓட்டம் குறையும் என்று கண்டோம். சுமையோடு ஓடும் மோட்டரில் ஓட்டம் கூடும், ஏனென்றால் இறைக்கும் தண்ணீருக்கு வேண்டிய வலு அநேகமாக அப்படியே இருக்கிறது. சுருளில் வீணாகும் வெப்பமோ ஓட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும்: ஓட்டம் 6இலிருந்து 7.2 அம்பியருக்கு ஏறினால் வெப்பம் 44% கூடுகிறது. பின்னேரம் மோட்டரில் கருகல் மணம் வந்தால், உடனே நிறுத்திவிட்டு முதலில் வோல்ற்றளவை அளந்து பாருங்கள்.