தன் சூட்டில் தானே ஒட்டிக்கொண்ட சாம்பல்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் சில படங்கள் அனுப்பியிருந்தார். நியூ மெக்சிகோ மாநிலத்தில் ‘சிட்டி ஆஃப் ராக்ஸ்’ என்று ஒரு பூங்கா இருக்கிறது. குடும்பத்தோடு அங்கே கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கிவிட்டு வந்திருக்கிறார். கண்ணுக்கு எட்டியவரை காய்ந்த புல்லும் முட்புதரும்தான். அதன் நடுவே, எந்தச் சம்பந்தமும் இல்லாமல், நாலு மாடி உயரத்துக்குப் பாறைத் தூண்கள் கும்பலாக நிற்கின்றன. தூண்களுக்கு இடையில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் சந்துகளும் உண்டு, தாராளமாக நடக்கும் தெருக்களும் உண்டு. “எல்லாம் எரிமலைச் சாம்பல் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். சாம்பல் எப்படி இவ்வளவு கெட்டியாகும்? சிமெண்ட் மாதிரி ஏதாவது கலந்ததா? இந்த வடிவம் வந்தது காற்று அரித்துத்தானே?” என்று கேட்டிருக்கிறார்.

சிமெண்ட் எதுவும் கலக்கவில்லை. காற்றுக்கும் இதில் பங்கு கொஞ்சம்தான். வெடித்தது, ஒட்டியது, செதுக்கியது என்று எந்தக் கட்டத்தை எடுத்தாலும் உள்ளே கை வைத்திருப்பது தண்ணீர். பாலைநிலத்தில் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இடம் முதலில். சில்வர் சிட்டி, டெமிங் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டைவிட உயரம். ஆனால் பச்சை கிடையாது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பொழுது சாய்ந்தால் ஸ்வெட்டர் தேடுவீர்கள், குளிர்கால இரவில் தண்ணீர் பாட்டில் உறைந்துவிடும்.

சுமார் 3 கோடியே 49 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் ஒரு பேரெரிமலை வெடித்தது. எமரி கால்டெரா என்பது அதன் பெயர். கூம்பு வடிவ மலையைக் கற்பனை செய்யாதீர்கள். உள்ளே இருந்த மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, வெளியே கொட்டியதும் மேல்கூரை அப்படியே கீழே இறங்கிவிட்டது. மிஞ்சியது பல பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம். கால்டெரா என்பது அந்தப் பள்ளத்தைத்தான். வெளியே வந்த பொருள் 900 கன கிலோமீட்டருக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். 1991-இல் பிலிப்பைன்ஸில் பினடூபோ வெடித்து உலகத்தின் சராசரி வெப்பநிலையையே ஓராண்டுக்குக் குறைத்ததே, அது கக்கியது சுமார் 10 கன கிலோமீட்டர்தான். எமரி கொட்டிய பாறைக்கு ‘நீலிங் நன் டஃப்’ என்று பெயர். டஃப் என்றால் எரிமலைச் சாம்பல் கெட்டியான பாறை. பக்கத்தில் சாண்டா ரீட்டா செம்புச் சுரங்கத்துக்கு மேலே மண்டியிட்ட கன்னியாஸ்திரீ போல ஒரு பாறை நிற்கிறது, அதை வைத்துச் சூட்டியது.

வெடிப்புக்கு வருவோம். இந்த வகை மாக்மாவில் சிலிக்கா அதிகம், அதனால் பயங்கரப் பிசுபிசுப்பு. ஆழத்தில் இருக்கும்போது அதற்குள் எடையில் நாலைந்து சதவீதம் நீர் கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறையும், நீர் ஆவியாகிக் குமிழாகப் பிரியும். பிசுபிசுப்பான மாக்மாவிலிருந்து குமிழ்களால் தப்பி ஓட முடியாது. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஊதும். கடைசியில் மாக்மா முழுவதும் நுரையாகி, நுரையும் தாங்காமல் சிதறும். நாம் எரிமலைச் சாம்பல் என்கிறோமே, அது எதுவும் எரிந்து மிஞ்சியதல்ல. உடைந்த குமிழ்ச் சுவர்கள், அதாவது கண்ணாடித் துகள்கள். மூன்று குமிழ்கள் சந்தித்த மூலை உடைந்திருந்தால், உருப்பெருக்கியில் பார்க்கும்போது மூன்று கைகள் நீட்டிய துண்டாகத் தெரியும். உடையாமல் தப்பித்த நுரைக் கட்டிகள் நுரைக்கல் ஆகின்றன.

வெடித்த கலவை முழுவதும் வானத்துக்குப் போய்விடுவதில்லை. கனம் தாங்காமல் சரிந்து, சூடான வாயுவும் சாம்பலும் கலந்த வெள்ளமாகத் தரையோடு பாயும். 1902-இல் மார்ட்டினிக் தீவில் செயின்ட் பியர் நகரத்தைச் சில நிமிடங்களில் அழித்தது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்ன வெள்ளம். எமரி வெள்ளம் பள்ளங்களை நிரப்பிக்கொண்டு பல பத்து கிலோமீட்டர் ஓடி, கனத்த படுகையாகப் படிந்தது.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். இனிமேல் வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

படிந்த சாம்பலின் வெப்பநிலை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் இந்தக் கண்ணாடி உருகி ஓடாது. ஓடியிருந்தால் அது லாவா ஆகியிருக்கும். ஆனால் கண்ணாடிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. பனிக்கட்டிக்கு இருப்பதைப் போல ‘இந்த டிகிரியில் உருகும்’ என்ற கோடு அதற்குக் கிடையாது. சூடு ஏற ஏற மெல்ல இளகும், அவ்வளவுதான். மளிகைக் கடைக் கண்ணாடி ஜாடியில் ஆரஞ்சு மிட்டாய் போட்டு வைத்திருப்பார்களே, சித்திரை வெயிலில் என்ன ஆகிறது? உருகிச் சொட்டுவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது, அடியில் கிடப்பவை மேல் பாரத்தில் நசுங்கிச் சப்பையாகின்றன. ஒப்புமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காய்ச்சி ஆறவைத்த அந்த மிட்டாயும் இயற்பியல் கணக்கில் ஒரு கண்ணாடிதான். ஜாடி மூடியைச் சரியாக மூடாமல் விட்டால், ஈரக்காற்று பட்டு இன்னும் சீக்கிரம் ஒட்டும் என்பதையும் கவனித்திருப்பீர்கள். மிட்டாய்க்குள் புகுந்த நீர், இளகும் வெப்பநிலையைக் கீழே இறக்கிவிடுகிறது.

எரிமலைக் கண்ணாடியிலும் இதே கதை. வெடிப்பில் பெரும்பகுதி நீர் ஆவியாகிப் போய்விட்டாலும், துகள்களுக்குள் துளி நீர் மாட்டிக்கொண்டிருக்கும். எடையில் அரைச் சதவீதம் இருந்தாலே போதும், இளகும் வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல் குறையும். அதனால்தான், வறண்ட கண்ணாடியாக இருந்தால் ஒட்டவே ஒட்டாத சூட்டில், சாம்பல் ஒட்டுகிறது. மேலே கிடக்கும் பல மீட்டர் சாம்பலின் பாரம் கீழே இருப்பதை அமுக்குகிறது. துகள்களுக்கு இடையே இருந்த வெற்றிடம் மூடுகிறது. பாதிக்கு மேல் காற்றாக இருந்த படுகை, நன்றாக அமுங்கிய இடத்தில் கிட்டத்தட்ட முழுக் கல்லாகிவிடுகிறது. வெல்டட் டஃப், அதாவது சூட்டில் ஒட்டிய சாம்பல் பாறை என்று இதைச் சொல்கிறார்கள்.

இந்தக் கல்லில் ஒரு சில்லை எடுத்து, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். புவியியல் (ஜியாலஜி) படித்தவர்கள் ‘தின் செக்‌ஷன்’ என்பார்கள். நடுவில் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கும். அது மாக்மாவிலேயே கெட்டியாகிவிட்டது, இளகாது. அதைச் சுற்றிக் கண்ணாடித் துகள்கள் வளைந்து, அதன் மேல் விளிம்போடு ஒட்டி இறங்கி, இரு பக்கமும் மறுபடி மட்டமாகப் படுத்திருக்கும். மூன்று கைத் துண்டுகளின் கைகள் எல்லாம் மடங்கிக் கோடுகளாகியிருக்கும். ஒரு கல்லைப் பார்த்து, ‘இது ஒரு காலத்தில் இளகியது, மேலிருந்து அமுங்கியது’ என்று இவ்வளவு நேரடியாகச் சொல்ல முடிகிற இடம் வேறு அதிகம் இல்லை.

சூடு இதற்கெல்லாம் தாக்குப் பிடிக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. 1912-இல் அலாஸ்காவில் நோவருப்டா வெடித்து ஒரு பள்ளத்தாக்கையே சாம்பலால் நிரப்பியது. நாலு ஆண்டுகள் கழித்து ராபர்ட் கிரிக்ஸ் என்ற தாவரவியலாளர் அங்கே போனபோது, தரை முழுக்க ஆயிரக்கணக்கான ஓட்டைகளில் ஆவி வந்துகொண்டிருந்தது. 1919-இல் அந்த ஆவித் துளைகளில் அளந்தபோதும் சிலவற்றில் 600 டிகிரியைத் தாண்டியது. சாம்பல் அவ்வளவு மோசமான வெப்பக்கடத்தி. தன் மேலே தானே போர்த்திக்கொண்டு தூங்கும்.

போர்வைக்கு மேலே இருக்கும் அடுக்கோ சீக்கிரம் ஆறிவிடும், அதை அமுக்கவும் ஆளில்லை. அடி அடுக்கைக் குளிர்ந்த தரை ஆற்றிவிடும். ஆகவே ஒட்டுவது நடுப்பகுதிதான். இந்த அடுக்கு முறையை 1960-இல் ராபர்ட் ஸ்மித் ஒழுங்காக எழுதி வைத்தார். அவர் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்து ஊழியர், அரசுச் சம்பளம். பழைய சாம்பல் எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்குச் சம்பளம் கொடுப்பதா என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்கலாம். இன்றைக்குப் பேரெரிமலைகளின் கடந்த காலத்தைப் படிப்பவர்கள் அந்த அடிப்படையில்தான் நிற்கிறார்கள். நம் ஊரில் புவியியல் துறை என்றாலே ‘கல் பொறுக்கும் படிப்பு’ என்று ஒதுக்கி, ஆய்வுப் பணத்தை ராக்கெட்டுக்கும் கணினிக்கும் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. ராக்கெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல் பொறுக்குபவர்களுக்கும் ஒரு ஜீப்பும் ஒரு நுண்ணோக்கியும் கொடுங்கள் என்கிறேன்.

சரி, தூண்கள் எப்படி வந்தன? ஒட்டிய படுகை ஆறும்போது சுருங்கியது. அவ்வளவு பெரிய கட்டி மொத்தமாகச் சுருங்க முடியாது, செங்குத்தாக விரிசல் விட்டது. பிறகு பல லட்சக்கணக்கான ஆண்டுகள் தண்ணீரின் வேலை. விரிசலில் மழைநீர் இறங்கும். பாறையில் இருக்கும் பெல்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகங்களை மெல்லக் களிமண்ணாக்கும். குளிர்கால இரவில் உறையும்போது ஒன்பது சதவீதம் பருத்து விரிசலை நெம்பும். ஒரு சதுரக் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பை நீர் ஒரு பக்கத்திலிருந்து தாக்கும், விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து, மூலையை மூன்று பக்கத்திலிருந்து. மூலை முதலில் போகும். சதுரம் உருண்டையாகும், விரிசல் தெருவாகும். மாமல்லபுரத்தில் சரிவில் உட்கார்ந்திருக்கும் வெண்ணெய் உருண்டைப் பாறை வேறு கல், வேறு வயது. ஆனால் அதன் உருண்டை முதுகுக்கும் இதே மூலைக் கணக்குத்தான்.

இங்கே பெய்யும் மழை சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் மின்னலுமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். அது போதும், அவசரம் யாருக்கும் இல்லை. தவிர, பனியுகக் காலத்தில் இந்தப் பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. காற்று என்ன செய்தது? மணலைத் தூக்கி அடிக்கும் காற்றுக்கு, தரையிலிருந்து ஒரு மீட்டர் சொச்சத்துக்கு மேல் பலம் கிடையாது. மணல் அதற்கு மேல் அதிகம் எழும்பாது. 12 மீட்டர் உச்சியை உருட்டியது காற்றாக இருக்க முடியாது. உதிர்ந்த துகளைப் பெருக்கிக்கொண்டு போகும் வேலையை மட்டும் காற்று ஒழுங்காகச் செய்கிறது.

இந்தப் பாறைகளின் படத்தைப் போட்டு, ‘மறைந்துபோன நாகரிகத்தின் நகரம்’, ‘வேற்றுக் கிரகவாசிகள் அடுக்கியது’, ‘கல்லிலிருந்து காந்த சக்தி’ என்றெல்லாம் எழுதுகிறவர்கள் உண்டு, வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்திருக்கிறது. உண்மையில் இங்கே தங்கிய பழைய மனிதர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மிம்ப்ரெஸ் பண்பாட்டு மக்கள் இந்தப் பகுதியில் வாழ்ந்து, அழகான கறுப்பு வெள்ளை மண்பாண்டங்கள் செய்தார்கள். அவர்களை விட்டுவிட்டு வேற்றுக் கிரகத்துக்குப் போவது எனக்குப் புரிவதில்லை.

அங்கே போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லலாம். காலையில் வெயில் சாய்வாக விழும்போது ஒரு தூணின் பக்கவாட்டை உள்ளங்கை தூரத்தில் பாருங்கள். கண்ணாடி போல மினுக்கும் பொடிப் பொடிப் புள்ளிகள் குவார்ட்ஸ், கறுப்பாகத் தகடு தகடாக இருப்பவை மைக்கா. வெளிறிய சப்பைக் கோடுகள் தென்பட்டால் அவை நசுங்கிய நுரைக்கல். எல்லாம் ஏறக்குறைய மட்டமாகப் படுத்திருக்க வேண்டும். ஒரு பாறையில் மட்டும் அவை சாய்ந்தோ நிமிர்ந்தோ இருந்தால், அந்தப் பாறை இடம் பெயர்ந்து விழுந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது, கூடாரத்தை மேற்கு பார்த்த பாறைக்கு அருகில் போட்டால் முன்னிரவுக் குளிருக்கு நல்லது. மதியம் முழுக்க வெயில் வாங்கிய கல் அந்தச் சூட்டை மெதுவாகத்தான் விடும். ஆனால் வசந்தகாலக் காற்று மேற்கிலிருந்துதான் பலமாக வீசும், அந்த மாதங்களில் கிழக்குப் பக்கமாக ஒதுங்குவதே புத்திசாலித்தனம்.

விசாவும் விமான டிக்கெட்டும் இல்லாதவர்கள் ஜோத்பூர் போகலாம். மெஹ்ரான்கர் கோட்டை நிற்கும் குன்று மலானி எரிமலைப் பாறை, வயது சுமார் 75 கோடி ஆண்டுகள். எமரியைப் போல இருபது மடங்குப் பழசு. ஜோத்பூரின் வெல்டட் டஃப்பை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அப்படி அறிவித்திராவிட்டால் அதுவும் ஒருவேளை எங்காவது ரோட்டுக்கு ஜல்லியாகப் போயிருக்கும். கோட்டைக்கு அடியிலேயே ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது. கண்டபடி பரவியிருந்த சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டு, அந்தப் பாறைக்கே உரிய செடிகளை மறுபடி நட்டு, நடைபாதைகள் போட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் போங்கள், கையில் ஒரு பத்து மடங்கு லென்ஸ் இருக்கட்டும்.