ஆன்டிஜென் என்றால் எதிர்ப்பொருள் இல்லை

ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம் தமிழில் அச்சடித்துக் கொடுத்த விளக்கத்தாளில் இப்படி ஒரு வரி: 'ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு எதிர்ப்பொருள் - உள்ளது.' தமிழில் தர வேண்டும் என்று நினைத்தார்களே, அது வரைக்கும் நல்லது. ஆனால் எதிர்ப்பொருள் என்பது ஆன்டிபாடிக்கான தமிழ்ச்சொல், அவர்கள் சொல்ல வந்ததோ ஆன்டிஜென். அந்த வரி சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது.

இதில் இரண்டு பரிசோதனைகள் இருக்கின்றன. எச்பிஎஸ்ஏஜி என்பது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறையில் இருக்கும் புரதத்தைத் தேடுவது. கடைசியில் வரும் 'ஏஜி'தான் ஆன்டிஜென். அது இருந்தால் வைரஸ் உடம்பில் இருக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் இருந்தால் நாள்பட்ட தொற்று. இன்னொன்று ஆன்டி-எச்பிஎஸ். அந்தப் புரதத்துக்கு எதிராக நம் உடம்பு செய்துகொண்ட ஆன்டிபாடியைத் தேடுவது. அது இருந்தால் தடுப்பூசி பிடித்திருக்கிறது, அல்லது நோய் வந்து போய்விட்டது. முதல் தாள் கையில் வந்தால் கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டாவது வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆன்டிபாடிக்கும் 'எதிர்ப்பொருள்', ஆன்டிஜெனுக்கும் 'எதிர்ப்பொருள்' என்று எழுதினால் படிக்கிறவர் எந்தத் தூக்கம் தூங்குவார்?

இந்தக் குழப்பத்தை கொரோனா காலத்தில் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாகிவிட்டது. மூக்கில் குச்சி விட்டு வைரஸின் புரதத்தைத் தேடும் சோதனையையும், ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடும் சோதனையையும் ஒரே சொல்லால் எழுதித் தள்ளினார்கள். சிலர் 'ஆண்டிஜென்' என்று எழுதினார்கள். பழனி மலைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆன்டிபாடி என்பது 1891இல் ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானி பால் எர்லிக் தன் மொழியில் எழுதிய சொல்லின் ஆங்கில வடிவம். ஆன்டிஜென் 1899இல் வந்தது. ஹங்கேரியரான லாஸ்லோ டெட்ரே பிரெஞ்சில் எழுதிய கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். கிருமியின் பொருள்தான் உருமாறி ஆன்டிபாடியாக ஆகிறது, அந்த இடைநிலைப் பொருள்தான் ஆன்டிஜென் என்பது அப்போது அவர் எண்ணம். 1903 வாக்கில் எண்ணம் மாறி, ஆன்டிபாடியை உண்டாக்கத் தூண்டுவது என்ற பொருளுக்கு வந்துசேர்ந்தார். ஆக, முதலில் வரும் 'ஆன்டி' எதிர்ப்பைக் குறிக்கவில்லை, ஆன்டிபாடியைக் குறிக்கிறது. 'ஜென்' உண்டாக்குவது, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் இவற்றின் வாலில் இருக்கும் அதே 'ஜன்'. மரபணுவுக்கான 'ஜீன்' என்ற சொல்லை டென்மார்க் தாவரவியலாளர் யோஹான்சன் முன்வைத்தது 1909இல், அதாவது ஆன்டிஜென் பிறந்து பத்து வருடம் கழித்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'எதிர்மரபணு' என்று மொழிபெயர்த்ததையும் பார்த்திருக்கிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? புழக்கத்தில் இருப்பவற்றில் கௌரவமானது 'எதிர்ப்பொருள் தூண்டி'. மூலச்சொல்லின் கட்டுமானத்தை அப்படியே பின்பற்றுகிறது. பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் தமிழில் தலைச்சொல், அதாவது எது என்று சொல்லும் முக்கியச் சொல், கடைசியில் வரும். இடம் போதாத தலைப்பிலும் படிவத்தின் கட்டத்திலும் முதலில் வெட்டுப்படுவது கடைசிச் சொல். 'எதிர்ப்பொருள் தூண்டிப் பரிசோதனை' என்று எழுத வேண்டியவர் 'தூண்டி'யை விழுங்கிவிடுவார். மீதி நிற்பது எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி. என் கையில் இருக்கும் விளக்கத்தாளிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். போதாக்குறைக்கு, ஆன்டிமேட்டருக்கும் எதிர்ப்பொருள் என்றே எழுதுகிறார்கள் இயற்பியல்காரர்கள்.

இதே நோய்தான் 'பிறபொருளெதிரியாக்கி'க்கும். ஆன்டிபாடிக்குப் பிறபொருளெதிரி, அதை ஆக்குவது பிறபொருளெதிரியாக்கி. காகிதத்தில் அழகாக இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதியில் மூச்சு வாங்கும். அதைவிட, எது எதிரி, எது ஆக்கி, எது எதை ஆக்குகிறது என்று புணர்ச்சி பிரித்துப் பார்ப்பதற்குள் வாசகர் அடுத்த பக்கம் போயிருப்பார். தனித்தமிழ் ஆர்வத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீளத்தைத் தூய்மை என்று நினைக்கிற பழக்கத்தின் மேல்தான் கோபம்.

அந்தச் சொல்லின் பெரிய பிழை தலையிலேயே இருக்கிறது: 'பிற'. ஆன்டிஜென் பிற பொருளாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏ வகை ரத்தம் உள்ளவரின் சிவப்பணு மேல் இருக்கும் ஏ ஆன்டிஜென் அவருடைய சொந்தச் சர்க்கரை மூலக்கூறு. பி வகைக்காரரின் உடம்புக்குள் போனால்தான் அது பிறபொருள். ஹாஷிமோட்டோ தைராய்டு நோயில் தாக்கப்படுவது தைராய்டின் சொந்த நொதி. வயதான ஆண்களுக்குப் பார்க்கும் பிஎஸ்ஏ சோதனையின் விரிவு 'புரோஸ்டேட்டுக்கே உரிய ஆன்டிஜென்'. அது அவரவர் புரோஸ்டேட் சுரப்பி சுரக்கிற புரதம். அதைப் பிறபொருள் என்றால் அந்தப் பெரியவர் என்ன நினைப்பார்?

'தூண்டி'யிலும் ஓர் ஓட்டை உண்டு. ரத்த வகைகளைக் கண்டுபிடித்த லேண்ட்ஸ்டைனர் ஹாப்டென் என்று ஒரு வகையைக் காட்டினார். ஆன்டிபாடி இதைப் பிடிக்கும். ஆனால் தனியாக இருக்கும்போது இது எதையும் தூண்டாது. பென்சிலின் ஒவ்வாமையில் நடப்பது இதுதான். பென்சிலின் மிகச் சின்ன மூலக்கூறு. அது நம் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் ரகளை தொடங்குகிறது. பிடிபடுவது வேறு, தூண்டுவது வேறு. தூண்டுவதற்கு இம்யூனோஜென் என்று தனிச்சொல் இருக்கிறது. 'எதிர்ப்புத்தூண்டி' என்ற சொல்லை அதற்குக் கொடுத்துவிடலாம்.

அப்படியானால் ஆன்டிஜெனின் சாரம் என்ன? அடையாளம் காணப்படுவது. இது செல்லுக்குள் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும்.

ஆன்டிபாடி ஒரு புரதத்தை முழுசாக, அதன் மேற்பரப்பின் வடிவத்தை வைத்துப் பிடிக்கும். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்லுக்கு அது தெரியாது. அதற்குத் துண்டு வேண்டும். நம் செல் அநேகமாக ஒவ்வொன்றும் தனக்குள் இருக்கும் புரதங்களைப் புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ அமைப்பில் போட்டு நறுக்கிக்கொண்டே இருக்கிறது. நறுக்கிய துணுக்குகள் ஒரு கடத்தி வழியாக, செல்லுக்குள்ளேயே இருக்கும் உள்வலைப்பின்னல் என்ற அறைக்குள் போகின்றன. அங்கே எம்எச்சி முதல் வகை என்ற புரதத்தின் பள்ளத்தில், எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்கு உட்காருகிறது. இரண்டும் சேர்ந்து செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. வெளியிலிருந்து விழுங்கியவற்றின் துணுக்குகள் இன்னும் நீளமானவை. அவை இரண்டாம் வகை எம்எச்சியில் ஏறி வருகின்றன. டி செல் பார்ப்பது துணுக்கை மட்டுமல்ல, அதைத் தாங்கியிருக்கும் சொந்த எம்எச்சியையும் சேர்த்துத்தான். 1974இல் கான்பெராவில் ஸிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் கண்டது இதை. 1996இல் நோபல் கிடைத்தது.

வாசல் கொடியில் காயும் துணியைப் பார்த்தே வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதைத் தெருக்காரர்கள் சொல்லிவிடுவார்கள் இல்லையா, அதுபோலத்தான். நல்ல செல்லும் தன் சொந்தத் துணுக்குகளைக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அவற்றைக் கண்டு பாயக்கூடிய டி செல்களைப் பெரும்பாலும் தைமஸ் சுரப்பியிலேயே கழித்துக்கட்டிவிடுகிறது உடம்பு. வைரஸ் புகுந்த செல்லில் புதுத் துணுக்கு தெரிந்தால்தான் கொல்லும் டி செல் வேலையைத் தொடங்கும்.

இந்தக் 'காட்டுதல்' படும் பாடு தனிக்கதை. 'ஆன்டிஜென் வழங்கும் செல்' என்கிறார்கள், 'அளிக்கும் செல்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'பிரசன்ட்' என்பார்கள்; அதைக் கேட்டதும் பரிசு ஞாபகம் வந்துவிடுகிறது போல. இங்கே யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. காட்டும் செல் என்று எழுதினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

என் பரிந்துரை: அறிபொருள். வினைத்தொகை, அறியப்படும் பொருள். ஞேயம் என்கிற தத்துவச் சொல்லுக்கு இதைச் சொல்வதுண்டு. அந்தப் பொருளோடு இங்கே முட்டிக்கொள்ள வாய்ப்பு குறைவு. சொந்தமா அந்நியமா என்ற கேள்விக்குள் இது போவதில்லை. ஹாப்டெனும் உள்ளே அடங்கும், பிஎஸ்ஏவும் அடங்கும். ஆன்டிபாடிக்கு எதிர்ப்புப்புரதம் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா ஆன்டிபாடியும் புரதம்தானே. இனி எந்தச் சொல்லை எங்கே வெட்டினாலும் ஒன்று மற்றதாக மாறாது. பரிசோதனைத் தாளில் மட்டும் ஆன்டிஜென், ஆன்டிபாடி என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள். அங்கே தூய்மையைவிட உயிர் முக்கியம்.

'எதிர்ப்பு அணுக்கள்' என்று ஆன்டிபாடியை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆன்டிபாடி அணுவும் இல்லை, உயிரணுவும் இல்லை. ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடியின் மூலக்கூறு பத்து நானோமீட்டர் அளவு. லிம்போசைட் என்ற வெள்ளணு அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது.

'நோய் எதிர்ப்பு சக்தி' பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சக்தி என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததால், இது ஏதோ பெட்ரோல் மாதிரி நிரப்பிக்கொள்ளக்கூடியது என்று ஆகிவிட்டது; சூரணம் விற்கிறவர்களுக்கு நல்ல வியாபாரம். லூபஸ் நோயாளிக்கு அடையாளம் காண்பதில்தான் கோளாறு. தன் செல்லின் டிஎன்ஏவையே தாக்கவேண்டிய அறிபொருளாக எடுத்துக்கொள்கிறது அவர் உடம்பு. எதிர்ப்பைக் குறைக்கத்தான் மருத்துவர் ஸ்டீராய்டு எழுதிக்கொடுக்கிறார். அவரிடமும் 'எதிர்ப்பு சக்தி கூடும், காலையில் வெறும் வயிற்றில் குடியுங்கள்' என்று ஒரு டப்பாவை நீட்டுகிறார்கள்.