மீட்டர் முள்ளில் கை வைக்க முன்

“மீட்டர் முள்ளைக் கழற்றி ஆறு கோடு தள்ளிப் பூட்டித் தா மனே” என்று கேட்டுக்கொண்டேதான் அந்தப் பெரியவர் கராஜுக்குள் வந்தார். மட்டக்களப்பு படுவான்கரை வயற்காரர். வைத்திருப்பது தொண்ணூறுகளில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப். கல்முனை வீதியில் பொலிஸார் வேகம் பார்த்தபோது 72 காட்டியிருக்கிறது. மீட்டரில் 65ஐத் தாண்டவேயில்லை என்று சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மைதான்.

இப்படி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஓடிய தூரத்தைக் காட்டும் இலக்கங்களைப் பற்றி. பழைய கெப்பில் கியர் பொக்ஸின் பின்பக்கத்திலிருந்து வரும் ஒரே கேபிள்தான் முள்ளையும் அந்த இலக்கங்களையும் ஓட்டுகிறது. ஜப்பான் வாகனங்களில் கேபிள் கிலோமீற்றருக்கு 637 சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது கணக்கு. இலக்கங்கள் பற்சக்கரத்தில் நேராக ஓடுகின்றன. முள்ளின் கதை வேறு. கேபிள் நுனியில் ஒரு காந்தம் சுழலும், அதைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். சுழலும் காந்தம் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும், மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியில்தான் முள் நிற்கிறது.

ஆகவே தூரம் சரியாக இருந்து முள் மட்டும் பிழைத்தால் குற்றம் மீட்டர் பெட்டிக்குள். இரண்டும் ஒரே அளவில் பிழைத்தால் பெட்டி நிரபராதி, டயரையோ பற்சக்கரத்தையோ பாருங்கள்.

ஆரையம்பதி தாண்டி களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். பத்துக் கிலோமீற்றர் கல் கடந்தபோது இலக்கம் 9.1தான் நகர்ந்திருந்தது. முள்ளை 60இல் பிடித்து வைத்தால் கைபேசி ஜிபிஎஸ் 66 என்றது. இரண்டிலும் பத்தில் ஒரு பங்கு குறைவு. (ஜிபிஎஸ் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை. ஓட்டிக்கொண்டே பார்க்காதீர்கள்.)

வயல் சேற்றுக்காக 195ஆர்14 டயரை மாற்றி 235/75ஆர்15 போட்டிருந்தார். ஸ்பெயார் வீல் மட்டும் பழைய அளவு. நல்லதாகப் போயிற்று. இரண்டிலும் சோக்கட்டியால் கோடு போட்டு சீமெந்துத் தரையில் ஒரு சுற்று உருட்டி டேப்பால் அளந்தோம். பழையது 203 சென்ரிமீற்றர், புதியது 224. பெரிய டயர் ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்கு கூடத் தூரம் போகிறது, மீட்டரோ பழைய டயரின் கணக்கிலேயே எண்ணுகிறது. கணக்கு அங்கேயே முடிந்தது. ஆனால் அந்த ஸ்பெயாரைப் பின்சில்லில் போட்டுத் தூர ஓடக்கூடாது, டிப்ரென்ஷல் (பின்சில்லுகளைச் சுற்றும் பற்சக்கரப் பெட்டி) தேயும்.

முள்ளைத் தள்ளிப் பூட்டினால் என்ன என்று கேட்டார். இது விகிதத்தில் வரும் பிழை. 60க்கு ஆறு கூட்டினால் அந்த இடத்தில் சரியாகும். 30இல் 33 காட்ட வேண்டியது 36 காட்டும், வண்டி நிற்கும்போதும் முள் ஆறில் நிற்கப் பார்க்கும். தூர இலக்கம் பிழையாகவே இருக்கும். இந்த வேலை செய்த மீட்டர்கள் என்னிடம் நிறைய வருகின்றன. முள் வளைந்தோ சுருள்வில் கெட்டோ வருவதால் பிறகு திருத்தவும் முடிவதில்லை.

சரியான வழி, கேபிள் கியர் பொக்ஸில் பூட்டும் இடத்தில் இருக்கும் சின்னப் பற்சக்கரத்தை மாற்றுவது. இவருடையதில் 33 பல். 30 பல்லுள்ளது போட்டால் கேபிள் பத்து வீதம் வேகமாகச் சுற்றும். பழைய சாமான் கடையில் கிடைக்க இரண்டு கிழமை எடுத்தது. அதுவரை டாஷ்போர்டில் டேப் ஒட்டி, உண்மை வேகம் 50க்கு முள் 45, 70க்கு 63 என்று எழுதிக் கொடுத்தேன்.

டயர் மாற்றாதவர்களுக்கும் இப்படி விகிதப் பிழை வரலாம். வேறு வண்டியின் டிப்ரென்ஷல் போட்டிருப்பார்கள். பற்சக்கர விகிதம் 4.1 இருந்த இடத்தில் 4.556 வந்தால் மீட்டர் பதினொரு வீதம் கூடக் காட்டும்.

முள் ஆடினால் பெரும்பாலும் கேபிள்தான், காய்ந்திருக்கும் அல்லது எங்காவது ஒடிந்து வளைந்திருக்கும். மாரி வெள்ளத்தில் இறங்கிய வண்டிகளில் துருவும் சேரும். கழுவிக் காயவைத்து, கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். மேல்நுனி வரை அப்பினால் கிரீஸ் பெட்டிக்குள் ஏறி காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைக்கும், பிறகு 40இல் போனாலும் முள் 100க்கு ஓடும். கேபிளில் கியர் எண்ணெய் வடிந்தால் அடியிலுள்ள சீலையும் மாற்ற வேண்டும்.

பற்சக்கரம் மாற்றியபின் பத்துக் கிலோமீற்றர் கல்லுக்கு இலக்கமும் சரியாகப் பத்து வந்தது. அப்போதுதான் பெரியவருக்கு இன்னொன்று உறைத்தது. டயர் மாற்றிய நாளிலிருந்து லீற்றருக்கு 11 ஓடிய வண்டி 10தான் ஓடுகிறது என்று போன போகத்தில் டீசல் பம்பைக் கழற்றி வேலை செய்வித்திருக்கிறார். இலக்கம் 10 காட்டியபோது வண்டி உண்மையில் ஓடியது 11. அந்தக் காசை இப்போதும் எண்ணிச் சொல்கிறார்.